மரப்பெட்டித் தொலைக்காட்சியை மீண்டும் ஒளிரச் செய்வது: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

டெல்டா மாவட்டங்களின் பழைய வீடுகளில், பரணிலோ நெல் குதிருக்குப் பக்கத்திலோ, இருபுறமும் இழுத்து மூடிப் பூட்டக்கூடிய ஷட்டர் வைத்த மரப்பெட்டித் தொலைக்காட்சிகள் இன்னும் கிடைக்கின்றன. சென்னையில் தயாரான சாலிடேர், டயனோரா பெட்டிகளும், கேரளத்தின் கெல்ட்ரானும், ஹைதராபாத்தின் ஈ.சி. டி.வி.யும் அவற்றில் அடக்கம். இத்தகைய பெட்டிகளைத் தேடிச் சேர்த்து, விடுமுறை நாளில் யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் ஒன்றுகூடி, பார்த்து மகிழ்ந்து பழுதும் நீக்குகிற ஆர்வலர்கள் கும்பகோணம், மயிலாடுதுறை பக்கங்களில் இருக்கிறார்கள். அப்படியொரு கூடுகைக்குத் தம் முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிற புதியவருக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன். 20 அங்குலக் கருப்பு வெள்ளைப் பெட்டியை மனத்தில் வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன்.

பிளக்கைச் சொருகாதீர்கள்

பெட்டி கைக்கு வந்ததும் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று மின்சாரம் கொடுத்துவிடுவதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய கேடு. மின்னேற்றத்தைச் சேமித்துவைக்கும் பெரிய கண்டென்சர்களுக்குள் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம், பல ஆண்டுகள் மின்சாரம் படாமல் கிடந்தால் நலிந்துவிடும்; அந்த நிலையில் 230 வோல்ட்டை ஒரேயடியாகக் கொடுத்தால் கண்டென்சர் சூடேறி வெடிப்பதோடு, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையர் டயோடையும் சில வேளைகளில் டிரான்ஸ்பார்மரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். பரணில் முப்பது ஆண்டு பத்திரமாகக் கிடந்த பெட்டி, இறக்கிய அன்றே கருகிப்போவதற்கு இதுவே காரணம். எனவே மின்சாரம் கொடுப்பது இந்த வரிசையில் மிகவும் பின்னால் வருகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது. நம் பக்கத்து ஈரக்காற்றில் மின்காப்பு நலிந்து உயர் மின்னழுத்தம் கசியும். அறுவடை முடிந்து தை பிறந்த பிறகு, நல்ல வெயிலடிக்கும் அறையில் பெட்டியை இரண்டு மூன்று நாட்கள் பின்மூடி திறந்தபடி உலரவிட்டுத் தொடங்குங்கள். நேர் வெயில் வேண்டாம். மரத்தின் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தாளான வெனீர் எழும்பிவிடும்.

பிக்சர் டியூபை அடக்குவது

தனியாக இந்தப் படியைச் செய்யாதீர்கள். மின்கம்பியை உருவி எறிய ஒரு கை அருகில் இருக்க வேண்டும் என்பதாலேயே கூடி வேலை செய்வதை நான் வலியுறுத்துகிறேன்.

ஓடும்போது பிக்சர் டியூபின் உயர் மின்னழுத்த முனையான ஆனோடுக்கு 15,000 வோல்ட்டுக்கு மேல் செல்கிறது. டியூபின் கண்ணாடியே ஒரு கண்டென்சராக இருப்பதால், அணைத்த பிறகும் அதில் மின்னேற்றம் தங்கும். டியூபின் பின்புறச் சரிவில், ரப்பர் கப்பு ஒன்று ஒட்டியிருப்பதைக் காணலாம், உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் எல்.ஓ.டி. (லைன் அவுட்புட்) டிரான்ஸ்பார்மரிலிருந்து தடித்த கம்பி வந்து சேரும் இடம் அதுதான். டியூபின் வெளிப்புறக் கரிப் பூச்சின் மேல் பின்னல் கம்பி ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். நல்ல பிளாஸ்டிக் பிடியுள்ள நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் உலோகப் பகுதியை ஒரு கிளிப் வயரால் இந்தப் பின்னல் கம்பியோடு இணைத்து (இடையில் உயர் மின்னழுத்தம் தாங்கும் மின்தடை ஒன்றைச் சேர்ப்பது மேலும் நல்லது), இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ரப்பர் கப்புக்கு அடியில் மெல்ல நுழைத்து உள்ளேயிருக்கும் உலோகக் கொக்கியைத் தொடுங்கள். போர்டைத் தாங்கும் உலோகச் சட்டமான சேஸிஸில் இணைக்கக் கூடாது; டிரான்சிஸ்டர்கள் பழுதாகலாம். ஐந்து பத்து நிமிடம் கழித்து இதையே மறுமுறை செய்யுங்கள், ஏனெனில் கண்ணாடிக்குள் ஊறியிருந்த மின்னேற்றம் மீண்டும் மேலே வரும்.

டியூபின் உள்ளே வெற்றிடம் இருப்பதால் 20 அங்குலத் திரையின் முகப்பில் மட்டும் காற்று ஒரு டன்னுக்கும் கூடுதலாக அழுத்துகிறது. கழுத்துப் பகுதி மிக மெல்லிய கண்ணாடி. அதைப் பிடித்து டியூபைத் தூக்கவே கூடாது.

தூசும் உப்பும்

டியூபை அடக்கியதும் அடுத்த வேலையாக ஒவ்வொரு கனெக்டரையும் அருகிலிருந்து புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசைத் தட்டுங்கள். குளவிக்கூடு, பல்லி முட்டை, எலி கடித்த வயர் ஆகிய மூன்றும் பெரும்பாலும் கிடைக்கும். குளவி மண்ணை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். நீர் விட்டு ஊறவைத்தால் மண் கரைந்து போர்டு முழுவதும் பரவிவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துப் பெட்டிகளில் கடற்காற்றின் உப்பால் செப்புத் தடங்கள் பச்சை பூத்திருக்கும். அவற்றை ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு துடைக்கலாம். மண்ணெண்ணெய் வேண்டாம். துடைக்கும்போது சிறிய உலோகக் கூடுகளுக்குள் இருக்கும் காயில் கோர்களை (கம்பிச்சுருளின் நடுவிலுள்ள திருகு போன்ற துண்டுகளை) திருகிவிடாதீர்கள். தொழிற்சாலையில் கருவி வைத்து அமைத்த அந்த நிலையைக் கண்ணளவில் மீட்பது ஏறத்தாழ இயலாது.

பார்க்க வேண்டிய இடங்கள்

மின்கம்பியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். ஃப்யூஸ் சரியான ஆம்பியர் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் செப்புக் கம்பி சுற்றியிருந்தால், முன்பு யாரோ அவசரமாகக் கைவைத்த பெட்டி என்று பொருள்.

மின்சப்ளைப் பகுதியின் பெரிய ஃபில்டர் கண்டென்சரை நான் தயங்காமல் மாற்றிவிடச் சொல்வேன். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட்டேஜ், 105 டிகிரி தாங்கும் வகை என வாங்குங்கள். கழற்றுவதற்கு முன் பிளஸ், மைனஸ் முனைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற சிறிய கண்டென்சர்களில் உப்பியவை, அடியில் கசிந்தவை, மீட்டரில் அளவு குறைந்தவை ஆகியவற்றை மட்டும் மாற்றினால் போதும்.

இனி சொல்வதற்குப் பொறுமையும் ஒரு பூதக்கண்ணாடியும் வேண்டும். போர்டைத் திருப்பி, ஈயம் பற்றவைத்த பக்கத்தை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடியுங்கள். எல்.ஓ.டி.யின் கால்கள் இறங்கும் இடத்தில், பளபளப்பான ஈயக் குமிழின் நடுவே, காலைச் சுற்றி மயிரிழை போன்ற ஒரு கருவளையம் தெரியும். அதுதான் மெக்கானிக்குகள் சொல்லும் டிரை சால்டர். கனமான பாகம் சூடேறி ஆறி, ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஈயம் சிறிது விடுபட்டு, கடைசியில் கால் துளைக்குள் தொட்டும் தொடாமலும் நிற்கும். தட்டினால் படம் வருவதும் மறுபடி போவதும் பெரும்பாலும் இதனால்தான். பழைய ஈயத்தை உறிஞ்சியெடுத்து, காலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதிதாகப் பற்றவையுங்கள். மேலே மட்டும் ஈயம் பூசினால் மூன்று மாதத்தில் திரும்ப வரும். டிரைவர் டிரான்ஸ்பார்மர், யோக் (டியூபின் கழுத்தில் மாட்டிய கம்பிச்சுருள்) கனெக்டர், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க்கில் நிற்கும் டிரான்சிஸ்டர் ஆகியவற்றின் கால்களையும் இப்படியே பாருங்கள்.

வால்வும் டிரான்சிஸ்டரும் கலந்த ஹைபிரிட் பெட்டியாக இருந்தால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பி.எல். 504, பி.ஒய். 88 போன்ற "பி" வரிசை வால்வுகளின் இழைகள் 300 மில்லி ஆம்பியரில் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டவை. அவற்றில் ஓர் இழை அறுந்தாலும் எல்லாமே இருண்டுவிடும்.

முதல் மின்சாரம்

இரண்டு கருவிகள் தேவை. ஒன்று, மின்லைனோடு நேரடித் தொடர்பில்லாமல் அதே வோல்ட்டேஜைத் தரும் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர். இப்பெட்டிகள் பலவற்றில் சேஸிஸே மின்லைனின் ஒரு முனையோடு இணைந்திருப்பதால் இது இல்லாமல் திறந்த பெட்டியில் கைவைக்கக் கூடாது. மற்றொன்று, பெட்டிக்குப் போகும் மின்சாரம் ஒரு பல்பு வழியாகவே செல்லும்படி இணைத்த சீரிஸ் பல்பு போர்டு. டிரான்சிஸ்டர் பெட்டிக்கு 100 வாட், ஹைபிரிட் பெட்டிக்கு 200 வாட் இழை பல்பு போடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

சுவிட்சைப் போட்டதும் பல்பு பளீரென எரிந்து மங்கினால் கண்டென்சர் நிரம்பிவிட்டது, மேலே செல்லலாம். மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. உடனே அணைத்துவிட்டு டயோடுகளையும் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டரையும் மீட்டரில் பாருங்கள்.

படத்தின் வரிகளை இடவலமாக வரையும் லைன் பகுதி உயிர்பெற்றால் 15,625 ஹெர்ட்ஸ் அளவில் மெல்லிய கீச்சொலி எழும். வயதானவர்களின் காதுக்கு அது எட்டாது. ஆகவே கூடுகைக்கு வந்திருக்கும் பள்ளிப் பிள்ளை ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். திரையின் நடுவே படுக்கைவசமாக ஒற்றைக் கோடு மட்டும் வந்தால் படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் பகுதி வேலை செய்யவில்லை. பிரைட்னஸை உடனே குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரையின் பாஸ்பர் பூச்சில் அந்தக் கோடு நிரந்தரமாகக் கருகிவிடும். ஒலி மட்டும் வந்து ஒளியே இல்லையென்றால் டியூபின் கழுத்தில் இழை சிவக்கிறதா என்று முதலில் பாருங்கள். படம் மங்கலாக இருப்பதற்காக இழைக்குக் கூடுதல் மின்னழுத்தம் கொடுக்கும் பழைய வழியை நான் விரும்புவதில்லை. பல நாட்கள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடவிட்டாலே சில டியூப்கள் தாமாகத் தெளிகின்றன.

படம் எங்கிருந்து வரும்

1982-இல் இலங்கையின் ரூபவாகினி தொடங்கியபோது, நம் கடற்கரை ஊர்களில் உயரமான இரும்புக் குழாய் நட்டு ஆன்டெனா கட்டி அதைப் பார்த்தார்கள். இன்று தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் ஒளிபரப்பும் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டதால், செட்டாப் பாக்ஸின் ஏ.வி. வெளியீட்டை அதை ஆன்டெனா அலையாக மாற்றும் ஓர் ஆர்.எஃப். மாடுலேட்டர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். வாங்கும்போது வி.எச்.எஃப். அலைவரிசையில் நம் நாட்டு ஒளிபரப்பு முறையான பால்-பி முறைக்கு ஏற்றதுதானா என்று கேட்டு வாங்குங்கள். அமெரிக்க முறைக்கானதில் ஒலி 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும். நம் பெட்டி எதிர்பார்ப்பது 5.5 என்பதால் படம் வந்தாலும் ஒலி வராது. பழைய பெட்டியின் பின்புறத் திருகுகள் 300 ஓம் தட்டை வயருக்கானவை. 75 ஓம் கேபிளை இணைக்க இடையில் இந்த இரண்டு ஓம் அளவுகளையும் பொருத்தும் சிறிய பாலன் ஒன்று வேண்டும்.

மரவேலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் ஓடும் பள்ளத்தில் மெழுகு தேய்த்தால் போதும், எண்ணெய் தூசைப் பிடிக்கும். எழும்பிய வெனீரைப் பசை வைத்து அழுத்திவிடுங்கள். புது வார்னிஷ் அடித்துப் பழைய நிறத்தை மறைக்க வேண்டாம்.

எந்தப் பாகத்தை எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, பின்மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டு, காற்றுத் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்து மூடியைத் திருகுங்கள்.