வேலைச் சட்டம் மாறுகிறது: முகவை அலுவலகம் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம், முதலாளிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலை முகவை ஒன்றைச் சின்னதாக நடத்துகிறீர்கள், அல்லது அப்படி ஓர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலையிடத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. புகார்களை விசாரிக்கும் முறையைச் சொல்லும் இரண்டாவது மசோதா அதே ஆண்டு நவம்பரில் நிறைவேறியது. 2027 இறுதிக்குள் சட்டம் நடப்புக்கு வரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. இன்னும் நாள் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். படிவத்தை ஒரே நாளில் மாற்றிவிடலாம், முதலாளிகளின் பழக்கம் மாறத்தான் காலம் பிடிக்கும்.

படி 1: தேதிகளை ஒரே தாளில் எழுதுங்கள்

மனிதவள அமைச்சின் இணையத்தளத்தைப் பார்த்து, தேதி, மாற்றம், நம் அலுவலகத்தில் எந்தத் தாள் மாறும் என்று மூன்று பத்திகள் போடுங்கள். மூன்றாவது பத்திதான் முக்கியம். ஓர் உதாரணம்: வேலை அனுமதிச் சீட்டில் வரும் வெளிநாட்டு ஊழியர்கள் இத்தனை ஆண்டுதான் இங்கே இருக்கலாம் என்ற வரம்பு 2025 ஜூலை 1 முதல் நீக்கப்பட்டது. அவர்கள் வேலை செய்யக்கூடிய வயது வரம்பும் அப்போது 63 ஆக உயர்ந்தது. "உங்கள் காலம் முடிந்தது, ஊருக்குப் போகத்தான் வேண்டும்" என்று பழைய குறிப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டால், ஒரு குடும்பத்தின் வருமானமே போய்விடும். அதேபோல 2026 ஜூலை 1 முதல் ஓய்வு பெறும் வயது 64, மறுவேலைவாய்ப்பு வயது (ஓய்வு வயதுக்குப் பிறகும் தகுதியுள்ளவருக்கு முதலாளி வேலை தர முன்வர வேண்டிய வயது) 69. உங்கள் மாதிரி ஒப்பந்தத்தில் பழைய எண் இருந்தால் மாற்றுங்கள்.

படி 2: விளம்பரத்தைச் சொல் சொல்லாகப் பாருங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். புதிய சட்டப்படி ஒருவரிடம் பாகுபாடு காட்ட இவற்றைக் காரணமாக்கக் கூடாது: வயது, நாட்டுரிமை, பால், திருமண நிலை, கர்ப்பம், குடும்பத்தாரைப் பராமரிக்கும் பொறுப்பு, இனம், சமயம், மொழித்திறன், உடற்குறை, மனநலப் பிரச்சினை.

மளிகைக் கடைக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புகிறார்: "பெண் கேஷியர் வேணும், 35க்குள்ள, மலேசியர்னா நல்லது, தமிழ் கட்டாயம்." அப்படியே விளம்பரத்தில் ஏற்றிவிடாதீர்கள்.

"பெண்" என்பதை எடுத்துவிடுங்கள். கல்லாவில் உட்கார ஆண், பெண் பேதம் எதற்கு? "35க்குள்" என்றால் அவர் மனதில் இருப்பது என்ன என்று கேளுங்கள். நீண்ட நேரம் நிற்க வேண்டும், அரிசி மூட்டையை நகர்த்த வேண்டும் என்பார். அந்த வேலையையே எழுதுங்கள், வயது வேண்டாம். "மலேசியர்" என்பதும் போக வேண்டும். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் முன்னுரிமை கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. மற்ற நாட்டவரில் ஒரு நாட்டைப் பொறுக்கி எடுப்பதுதான் சிக்கல். கடைசியாகத் தமிழ். வாடிக்கையாளர்களில் பலர் தமிழ் மட்டுமே பேசும் முதியவர்கள் என்றால் அது வேலைக்கே தேவையான ஒன்று. அதனால் "தமிழ் பேசும் வாடிக்கையாளர்களைக் கவனிக்க வேண்டும்" என்று காரணத்தோடு எழுதுங்கள். காரணம் கிடைக்காவிட்டால் அதையும் நீக்குங்கள்.

படி 3: முதலாளியிடம் எழுத்தில் பேசுங்கள்

"என் கடையில் பத்துப் பேர்தான், எனக்கு இதெல்லாம் கிடையாதே" என்பார்கள். 25 பேருக்குக் குறைவாக ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் புதிய சட்டத்திலிருந்து விலக்கு உண்டு, உண்மைதான். ஆனால் நியாயமான வேலை நியமனம் பற்றிய முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி நெறிமுறைகள் எல்லா முதலாளிகளுக்கும் உண்டு. முகவை உரிமத்தின் நிபந்தனைகளும் உங்களைக் கட்டுப்படுத்தும். அவருக்குக் கிடைக்கும் விலக்கு உங்கள் உரிமத்தைக் காப்பாற்றாது.

ஆகவே ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "நீங்கள் கேட்டது இது, நாங்கள் விளம்பரத்தில் போடுவது இது, மாற்றியதற்குக் காரணம் இது, சம்மதமா?" அவர் "சரி" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டாலும் போதும், கோப்பில் சேருங்கள். போனில் பேசியது பின்னால் உங்களுக்குக் கைகொடுக்காது. என்னைக் கேட்டால், இதில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இந்தப் படியை மட்டும் விடாதீர்கள்.

படி 4: நேர்காணலும் குறிப்பும்

"கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளைகள்?" என்று நம்மவர்கள் பிரியமாகத்தான் கேட்பார்கள். நேர்காணலில் கேட்க வேண்டாம். "வார இறுதி ஷிஃப்ட் வர முடியுமா?" என்று வரும் எல்லாரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். தேர்வாகாத ஒவ்வொருவருக்கும் வேலையோடு தொடர்புள்ள காரணத்தை ஒரு வரியில் எழுதி வையுங்கள். "சரிப்பட்டு வரமாட்டார்" என்பது காரணமல்ல. "கல்லா வேலையில் அனுபவம் இல்லை" என்பது காரணம்.

படி 5: தொழிலாளரிடம் வாங்கும் கட்டணம்

இது பழைய விதி, ஆனாலும் தாள்களைத் திருத்தும்போது இதையும் சரிபாருங்கள். ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதச் சம்பளம், அதற்குமேல் தொழிலாளரிடம் வாங்கக்கூடாது. முதல் ஆறு மாதத்துக்குள் முதலாளி வேலையை விட்டு நிறுத்தினால் பாதித் தொகையையாவது நீங்கள் தொழிலாளரிடம் திருப்பித் தர வேண்டும். இந்த இரண்டையும் ரசீதின் பின்பக்கம் தமிழில் அச்சிட்டு, பணம் வாங்கும்போதே படித்துக் காட்டுங்கள். ஐபிஏ கடிதத்தில் (வேலை அனுமதிக்கு மனிதவள அமைச்சு தரும் கொள்கை அளவிலான ஒப்புதல்) உள்ள அடிப்படைச் சம்பளமும் நீங்கள் வாயால் சொன்ன சம்பளமும் ஒன்றுதானா என்பதை அவர் விமானம் ஏறும் முன்பே சேர்ந்து பார்த்துவிடுங்கள்.