வலிப்பு நோய்க்கு எம்.ஆர்.ஐ. எடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் வலிப்பு நோய்க்காகப் புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு வருகிறவர்களின் பையில் பழைய ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்று இருப்பதுண்டு. அதில் ‘நார்மல்’ என்று எழுதியிருக்கும். வலிப்போ மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும். அந்த ஒரு சொல்லை நம்பி, மூளையில் கோளாறே இல்லை என்று முடிவுகட்டுவதுதான் எனக்கு மிகுந்த கவலை தரும் தவறு.

வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் மூளையை ஏறத்தாழ 5 மி.மீ. தடிமனுள்ள துண்டுகளாக, இடையே சிறு இடைவெளி விட்டுப் படம்பிடிக்கிறார்கள். பெரிய கட்டியோ இரத்தக்கசிவோ இருந்தால் அதில் தெரிந்துவிடும். ஆனால் வலிப்பைக் கிளப்பும் கோளாறுகள் பலவும் நுண்மையானவை. காதோரப் பக்கமுள்ள மூளைப் பகுதியான டெம்பரல் மடலின் உட்புறத்தில், நினைவாற்றலுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் சற்றே சுருங்கித் தழும்பேறியிருக்கலாம். அல்லது கருவிலேயே மூளைப் புறணி (மூளையின் மேலடுக்கு) சரியாக அமையாத ஒரு சிறு திட்டு, ஓரிடத்தில் புறணி கொஞ்சம் தடித்தும் அதன் அடிவிளிம்பு மங்கியும் இருப்பதாக மட்டுமே காட்சி தரலாம். இவற்றைப் பிடிப்பதற்கென்றே வலிப்பு நோய்க்கான பன்னாட்டுச் சங்கம் 2019இல் ஒரு படமெடுப்பு முறையைப் பரிந்துரைத்தது. இடைவெளியே இல்லாத 1 மி.மீ. அளவிலான முப்பரிமாணப் படங்கள் இரண்டு வகையும், ஹிப்போகாம்பஸின் நீளத்துக்குச் செங்குத்தாக வெட்டிய படங்கள் ஒரு வகையும் அதில் அடங்கும்.

படத்தைப் படிக்கும் கண்ணும் இதே அளவுக்கு முக்கியம். குவிய வலிப்பு, அதாவது மூளையின் ஓரிடத்திலிருந்து கிளம்பும் வலிப்பு, மருந்துக்கு அடங்காமல் உள்ளவர்களைப் பற்றி ஜெர்மனியின் பான் நகரிலிருந்து 2002இல் வெளிவந்த ஆய்வில், சாதாரணப் படங்களை வலிப்பு நோயில் தனித் தேர்ச்சி இல்லாதவர்கள் படித்தபோது, இருந்த கோளாறுகளில் 39 விழுக்காடே கண்ணில் பட்டது. அதே படங்களை வலிப்பு நோய் வல்லுநர்கள் படித்தபோது அது 50 ஆயிற்று. வலிப்புக்கென்றே எடுத்த படங்களை அவர்கள் படித்தபோது 91 ஆக உயர்ந்தது.

ஆகவே ஸ்கேன் சீட்டில் ‘ஃபிட்ஸ்’ என்று ஒற்றைச் சொல் மட்டும் எழுதி அனுப்புவது அடுத்த தவறு. வலிப்புக்கு முன் வயிற்றிலிருந்து ஏதோ மேலேறுவதுபோல் தோன்றியதா, எந்தப் பக்கக் கை முதலில் இழுத்தது, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் எந்த இடம் காட்டியது என்பவை தெரிந்தால்தான் படிப்பவர் அந்த இடத்தைத் துருவிப் பார்ப்பார். நோயாளிக்குத் தன் வலிப்பு பெரும்பாலும் நினைவிருக்காது. உடனிருந்து பார்த்த அம்மாவோ அண்ணனோ கைப்பேசியில் எடுத்த காட்சியோடு வருவது பேருதவி.

ஒன்று தென்பட்டதும் தேடலை நிறுத்திவிடுவதும் தவறே. நம் நாட்டில் நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி, பின்னர் சுண்ணாம்புப் புள்ளியாக மாறுவது பரவலாகக் காணப்படுகிறது. அப்புள்ளி வலிப்புக்குக் காரணமாகவும் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். அதே மூளையில் ஹிப்போகாம்பஸும் தழும்பேறியிருக்கலாம். சுண்ணாம்புப் புள்ளி சி.டி. ஸ்கேனில் தெளிவாகத் தெரியும், புறணித் திட்டோ அதில் தப்பிவிடும், எனவே சி.டி. ஸ்கேன் மட்டும் எடுத்தது போதும் என்றிருக்கலாகாது.

காலத்தையும் கவனிக்க வேண்டும். நீண்ட வலிப்புக்குப் பிந்தைய நாள்களில் படத்தில் தோன்றும் வீக்கம் சில வாரங்களில் மறையக்கூடும் என்பதால், அதை நிலையான நோயாக எண்ணி அஞ்ச வேண்டாம். குழந்தைகளின் மூளையில் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள உறை முதிர ஏறத்தாழ இரண்டு வயதாகும். அதற்கு முன் எடுத்த படம் தெளிவில்லையென்றால் பின்னர் மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும்.

வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள் என்று அன்றைய வலிப்பு மாத்திரையையும் விட்டுவிடுவது ஆபத்தானது. வேளை தவறிய மாத்திரையே வலிப்பை வரவழைக்கும் என்பதால், அதை எப்போது விழுங்குவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டோடு, படங்களைப் பதிந்த குறுந்தட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஃபிலிமில் சில படங்களே இருக்கும், தட்டில்தான் எல்லாமும் இருக்கும்.

தகுந்த இரண்டு மருந்துகளை முறையாகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லையென்றால், ஆண்டுக்கணக்கில் மாத்திரையை மாற்றி மாற்றிக் காத்திருக்காமல், இந்தச் சிறப்பு எம்.ஆர்.ஐ.யையும் அறுவை சிகிச்சைக்கான மதிப்பீட்டையும் மருத்துவரிடம் நேரடியாகக் கேட்கலாம். டெம்பரல் மடல் வலிப்புக்குக் கனடாவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 58 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் சுயநினைவு தவறும் வலிப்பின்றி இருந்தனர்; மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 8 விழுக்காட்டினரே அவ்வாறு இருந்தனர்.