அறிவியலும் அரசாணையும்: கடலூர், புதுச்சேரிக் கரையில் ஆய்வு செய்வோர் சறுக்கும் இடங்கள்

அறிவியல், தொழில்நுட்பம், அரசுக் கொள்கை மூன்றும் ஒன்றையொன்று எப்படி வளைக்கின்றன என்று படிக்க வருகிறவர்களுக்கு கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் தொடங்கி புதுச்சேரி கடற்கரைச் சாலை வரையுள்ள கரை நல்ல களம். சாயப் புகை, சுருக்குமடி வலை, சுனாமி, மணலரிப்பு எல்லாம் இங்கே இருக்கின்றன. ஆனாலும் முதுகலை ஆய்வேடு முதல் முனைவர் பட்டம் வரை ஒரே மாதிரியான தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதல் தவறு, "விஞ்ஞானிகள் சொன்னார்கள், அரசு செய்தது" என்று ஒற்றைக் கோடு போடுவது. புதுச்சேரித் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களின் பிற்பகுதியில் முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. இந்தக் கரையில் சோழகக் காற்று, அதாவது தெற்கிலிருந்து வரும் காற்று வீசும் காலத்தில் மணல் வடக்கே நகரும், வாடைக் காலத்தில் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். சுவர் குறுக்கே நின்றதும் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்தது. இது முன்பே தெரிந்த விஷயம். தெற்கே சேரும் மணலை வடக்கே கொண்டுபோகும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது, ஆனால் அது தொடர்ந்து இயங்கவில்லை. கருங்கல் கொட்டிச் சாலையைக் காத்தார்கள். அரிப்பு இன்னும் வடக்கே, தமிழ்நாட்டுப் பக்கம் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று நகர்ந்தது. அங்குள்ளவர்கள் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவர் கேட்டார்கள். 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் கடலுக்குள் இரும்புக் கட்டுமானம் ஒன்று இறக்கப்பட்டு, நகரத்துக் கரையில் மணல் திரும்பியது. இதில் அறிவு எந்த இடத்திலும் குறைவாக இல்லை. ஒவ்வொரு கட்டுமானமும் அடுத்த கோரிக்கையைப் பெற்றெடுத்தது, அந்தக் கோரிக்கை அடுத்த ஆய்வுக்குப் பணம் கொண்டுவந்தது. உங்கள் கேள்வி "அரசுக்குத் தெரியுமா?" என்பதாக இருந்தால் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். "மணல் அள்ளும் செலவு யாருடைய பட்ஜெட் தலைப்பில் வந்தது, எந்த ஆண்டு நின்றது?" என்று கேட்டால் ஆய்வேடு கிடைக்கும்.

இரண்டாவது தவறுதான் அதிகம் நடக்கிறது: எண்ணை அப்படியே எடுத்து மேற்கோள் காட்டுவது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் கடலூருக்கு 77.45. 70ஐத் தாண்டினால் 'மிக மோசமாக மாசுபட்ட பகுதி'. 2010 ஜனவரியில் அப்படிப்பட்ட பகுதிகளில் புதிய தொழிற்சாலைகளுக்கான சுற்றுச்சூழல் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. எல்லா ஆய்வேட்டிலும் 77.45 இருக்கும். அது எப்படி வந்தது என்பது பெரும்பாலும் இருக்காது.

காற்று, நீர், நிலம் மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. மூன்றில் பெரியதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். 100க்கு அதில் எவ்வளவு குறைகிறதோ அதை மற்ற இரண்டின் சதவீதங்களால் பெருக்கிக் கூட்டுவார்கள். ஓர் உதாரணக் கணக்கு: காற்று 60, நீர் 50, நிலம் 40 என்று வையுங்கள். மீதி 40. அதை 0.5, 0.4 இரண்டாலும் பெருக்கினால் 8. மொத்தம் 68, ஆகவே தடை இல்லை. காற்று மட்டும் 65 ஆனால்? மீதி 35, பெருக்கினால் 7, மொத்தம் 72. தடை வந்துவிடும். காற்றை 60இலேயே விட்டுவிட்டு நிலத்தை 40இலிருந்து 45 ஆக்கினால் 69தான். ஆக, மூன்றில் எது பெரியதோ அதற்கு எங்கே, எந்த மாதத்தில் மாதிரி எடுத்தார்கள் என்பதில்தான் அன்று முழு அனுமதியும் தொங்கியது. இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் கொள்கையைப் பற்றி எழுத உட்காராதீர்கள். இன்னொன்று: 2016இல் கணக்கிடும் முறையே மாறியது. தொழிற்சாலைகள் விதிகளைக் கடைப்பிடிக்கிறதா என்பதும் மதிப்பெண்ணில் சேர்ந்தது. ஆகவே அதற்குப் பிந்தைய மதிப்பெண்ணை 2009 மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்து "மாசு குறைந்தது" என்று வரைபடம் போடுவது பெரும்பிழை.

இதோடு ஒட்டியதுதான் நேர அளவுக் குழப்பம். 2004 முதல் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் வாளி முறையில் காற்று மாதிரி எடுத்தார்கள். மூடிய பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பை இருக்கும். வாளியின் காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று பைக்குள் நுழையும். சில நிமிடங்களில் வேலை முடியும். பையை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நாற்றம் வரும்போது எடுத்த மாதிரி அது. அரசின் தரமோ பெரும்பாலும் 24 மணி நேரச் சராசரி அல்லது ஆண்டுச் சராசரி. பென்சீனுக்கு ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். சில நிமிட மாதிரியை இதோடு ஒப்பிட்டு "இத்தனை மடங்கு மீறல்" என்று எழுதினால் எதிர்த்தரப்பு ஒரே வரியில் தள்ளிவிடும். மறுபக்கமும் இதே தவறைச் செய்கிறது: 24 மணி நேரச் சராசரி சரியாக இருக்கிறது என்பதால் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்த நாற்றம் பொய் என்கிறது. 2009ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தரப் பட்டியலில் 12 மாசுகள்தான். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு அதில் இல்லை. பன்னிரண்டும் எல்லைக்குள் இருக்க, தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கலாம். எதை அளக்கிறோம் என்ற தேர்வே கொள்கைதான், அதை ஆய்வு செய்யுங்கள்.

சுனாமி விஷயத்தில் தவறு வேறு வகை. 2004க்குப் பிறகு பரங்கிப்பேட்டைக் கரையின் 18 ஊர்களை வைத்து, அலையாத்திக் காடு இருந்த இடத்தில் சாவு குறைவு என்று 2005இல் கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவை மறுபடி கணக்கிட்டார்கள். கடலிலிருந்து ஊர் எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்ற இரண்டுமே வித்தியாசத்தின் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன, காட்டுக்கு மிச்சம் கொஞ்சம்தான் என்றார்கள். காரணம் எளிது. அலையாத்தி உப்பங்கழிக்குள் வளரும், அதன் பின்னால் இருக்கும் ஊர் இயல்பாகவே கடலிலிருந்து தள்ளி இருக்கும். காடு பயனற்றது என்று இதற்கு அர்த்தமில்லை, அந்தத் தரவு அவ்வளவு சுமையைத் தாங்காது என்பதுதான். இதற்கிடையில் மணற்கரைகளில் நட்டதோ சவுக்கு. சேற்றில் வளரும் மரத்தைப் பற்றிய முடிவு மணலில் வளரும் மரத்துக்கு எப்படிச் சான்றானது என்று கோப்புகளில் தேடுங்கள். முதல் கட்டுரையை மட்டும் மேற்கோள் காட்டி நிறுத்துகிறவர்கள் இந்தக் கேள்விக்கே வருவதில்லை.

கருவி இருந்தால் போதும் என்று நினைப்பதும் உண்டு. புதுச்சேரி நல்லவாடில் அன்று மக்களைக் காத்தது சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போன் அழைப்பும், அலை உயரத்தைத் தினமும் அறிவிக்க ஏற்கெனவே ஊரில் கட்டியிருந்த ஒலிபெருக்கியும். ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007இல்தான்.

சட்டத்தை மட்டும் வாசிப்பவர்கள் சுருக்குமடியில், அதாவது மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி இழுக்கும் பெரிய வலையில், மாட்டுவார்கள். தமிழ்நாட்டில் அந்த வலைக்குத் தடை 2000இலிருந்து. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி தந்தது. 12 மைல் வரை மாநில அதிகாரம், அதைத் தாண்டினால் ஒன்றிய அரசு. படகு எங்கே நிற்கிறது என்பதைச் சொல்வது கண்காணிப்புக் கருவி. கருவி அணைந்திருந்தால் யார் சொல்வது? நாட்டுப்படகுக்காரர், சுருக்குமடிக்காரர் இருவரிடமும் கேளுங்கள். ஒரே குப்பத்தில் இரண்டு தரப்பும் இருக்கும். "வலை நல்லதா கெட்டதா?" என்று ஆரம்பித்தால் மேடைப் பேச்சுதான் கிடைக்கும். "மத்தி எந்த மாதம் கரைக்குக் கிட்ட வரும், அப்போது எத்தனை பாகம் ஆழத்தில் வலை போடுவீர்கள்?" என்று கேட்டால் நீதிமன்ற ஆவணத்தில் இல்லாதது வரும்.

எல்லைக் குழப்பம் சின்னதாகத் தெரியும், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். புதுச்சேரிப் பகுதி தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது. மாசுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு வாரியம், அந்தப் பக்கம் புதுச்சேரிக் குழுமம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) இரண்டாம் மேல்முறையீட்டுக்குக் கடலூர்க்காரர் மாநில ஆணையத்துக்கும், புதுச்சேரிக்காரர் மத்திய ஆணையத்துக்கும் போக வேண்டும்.

ஆர்.டி.ஐ.யில் "ஏன்" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் "தகவல் அல்ல" என்று திருப்பி அனுப்புவார்கள். "2015 ஏப்ரல் முதல் 2020 மார்ச் வரை முகத்துவாரத்தில் தூர்வாரிய தேதி, கனமீட்டர் அளவு, மணல் கொட்டிய இடம் ஆகியவை பதிவான எம்-புக் (வேலை அளவுப் பதிவேடு) பக்கங்களின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அரசாணை கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது மேலே இருக்கும் 'படிக்கப்பட்டவை' பட்டியல். அதிலுள்ள கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். நிபுணர் அறிக்கையின் தேதி, நிதி ஒதுக்கக் கோரிய கடிதத்தின் தேதிக்கு முன்பா பின்பா என்று குறித்துக்கொண்டு, அடுத்த ஆர்.டி.ஐ. மனுவை அந்தக் கடிதத்தின் எண்ணைச் சொல்லியே போடுங்கள்.