ஸ்டாக் போட்டோ விற்பனை: ஒரு ஃபில்டர் காபிப் படம் காசாகும் வரை

வேண்டியவர்கள் காசு கொடுத்து இறக்கிக்கொள்ள, இணையத் தளங்களில் முன்கூட்டியே ஏற்றி வைக்கும் படம்தான் ஸ்டாக் போட்டோ. இப்படி இணையத்தில் படம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று சொல்பவர்கள், ஒரு படத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கடைசியில்தான் சொல்வார்கள். இங்கே அதையே முதலில் பார்த்துவிடுவோம். தொகை தெரிந்தால்தான் எதைப் படம் பிடிக்க வேண்டும், எதில் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது புரியும்.

முதலில் கணக்கு

இத்தகைய தளங்களில் ஒன்றான ஷட்டர்ஸ்டாக், படம் எடுத்தவருக்கு விற்பனையில் தரும் பங்கின் முறையை 2020 ஜூன் மாதத்தில் மாற்றியது. அதன்படி ஆறு நிலைகள் உண்டு. ஓராண்டில் முதல் 100 பதிவிறக்கம் வரை உங்கள் பங்கு 15 சதவீதம். 101 முதல் 250 வரை 20 சதவீதம், 500 வரை 25, 2,500 வரை 30, 25,000 வரை 35, அதற்கும் மேலே போனால் 40. ஜனவரி 1 பிறந்ததும் எல்லாரும் மறுபடி முதல் நிலைக்கு இறங்கிவிடுவார்கள். மாதச் சந்தா கட்டி மொத்தமாக இறக்குபவர்கள்தான் வாங்குபவர்களில் அதிகம். அவர்கள் இறக்கும் படத்துக்கு முதல் நிலையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது குறைந்தபட்சத் தொகையான 10 சென்ட்.

இன்னொரு தளமான அடோபி ஸ்டாக்கில் படத்துக்கு உங்கள் பங்கு 33 சதவீதம். புதியவருக்கு வழக்கமான சந்தா விற்பனையில் குறைந்தது 33 சென்ட் வரும். பணத்தை எடுக்க 25 டாலர் சேர வேண்டும். அதாவது 33 சென்ட் வீதம் 76 முறை படம் விற்றாக வேண்டும். முதல் விற்பனை நடந்து 45 நாள் கழிந்திருக்கவும் வேண்டும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஒரு படம் ஒரே ஒரு முறை விற்றால் பயனில்லை, பலருக்குப் பல வருடம் தேவைப்படும் படமாக அது இருக்க வேண்டும். சூரிய அஸ்தமனம், ரோஜாப்பூ, நாய்க்குட்டி எல்லாம் தளங்களில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் குவிந்திருக்கின்றன. போதாததற்கு 2022 டிசம்பர் முதல் அடோபி ஸ்டாக், செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்களையும், அது வரைந்தது என்று குறிப்பிட்டு விற்க அனுமதிக்கிறது. பொதுவான ஒரு ‘காபிக் கோப்பை’ படத்தோடு இனி அந்தக் கூட்டத்தில் நுழைவது வீண் வேலை.

நம் வீட்டுச் சமையலறையிலும் தெருவிலும் இருப்பதை, அதை நன்கு அறிந்தவர் எடுத்தால் மட்டுமே படம் சரியாக வரும். அந்த அறிவுதான் நம்மிடம் இருக்கும் முதலீடு. எனவே இந்தச் செய்முறைக்கு ஃபில்டர் காபியை எடுத்துக்கொள்வோம். எடுப்பதிலிருந்து பணம் வங்கிக்கு வருவது வரை ஒரே பொருளைப் பின்தொடரலாம்.

படி 1: யார் வாங்குவார் என்று யோசிப்பது

உணவகத்தின் மெனு அட்டை, பயண நிறுவனத்தின் இணையதளம், சமையல் கட்டுரை, காபித்தூள் விளம்பரம், உடல்நலப் பத்தி. இந்த ஐந்து பேருக்கும் ஒரே படம் உதவாது. மெனு அட்டைக்கு வெள்ளைப் பின்னணியில் தனியாக நிற்கும் டபரா டம்ளர் வேண்டும். இணையதளத்தின் மேற்பகுதிக்கு, ஒரு பக்கம் எழுத்துப் பொறிக்க வெற்றிடம் விட்ட கிடைமட்டப் படம் வேண்டும். கைப்பேசித் திரைக்கு நெட்டுவாக்கில் வேண்டும். சமையல் கட்டுரைக்கு டிகாஷன் இறங்குவதும், பால் சேர்ப்பதும், ஆற்றுவதும் என வரிசையாக வேண்டும்.

கேமராவைத் தொடும் முன் இந்தப் பட்டியலைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எட்டுப் படங்கள் போதும். ஒரே கோப்பையை ஒரே கோணத்தில் முப்பது தடவை எடுத்து அனுப்பினால், ஒன்றுபோலவே இருக்கிறது என்று தளம் மொத்தமாகத் தள்ளிவிடும்.

படி 2: மேசையைத் தயார் செய்வது

நம் வீடுகளில் எடுக்கும் படங்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். எவர்சில்வர், பித்தளைப் பாத்திரங்களில் வீட்டாரின் பெயரும் திருமணத் தேதியும் பொறித்திருக்கும். அடியில் கம்பெனி முத்திரை இருக்கும். பின்னால் சுவரில் கடைப்பெயர் போட்ட தினக் காலண்டர், சுவிட்ச் போர்டில் தயாரிப்பாளர் பெயர், மேசையில் நாளிதழ். எழுத்தோ சின்னமோ தெரிந்தால், விளம்பரத்துக்குப் பயன்படும் வணிகப் படமாக ஏற்க மாட்டார்கள். பெயர் இல்லாத பாத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் எழுத்தைப் பின்புறமாகத் திருப்பி வையுங்கள். பிறகு கணினியில் அழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், வளைந்த பித்தளைப் பரப்பில் அழித்த தடம் அப்பட்டமாகத் தெரியும்.

அடுத்த தொல்லை பிரதிபலிப்பு. பளபளக்கும் டம்ளரில் நீங்களும் கேமராவும் ஜன்னல் கம்பியும் தெரிவீர்கள். ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினால் கம்பி மறைந்து ஒளியும் மென்மையாகும். கேமராவுக்கு இரு பக்கமும் வெள்ளைச் சார்ட் அட்டை நிறுத்தினால், உலோகத்தில் உங்களுக்குப் பதில் வெண்மைதான் விழும். ஜன்னல் இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கம் ஒரு தெர்மாகோல் பலகையை வையுங்கள், நிழல் கருத்துப்போகாது.

படி 3: எடுப்பது

அசையாத படங்களுக்கு முக்காலி (டிரைபாட்) அவசியம். லென்ஸ் துளையின் அளவை எஃப் 8, ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால் வீட்டு ஜன்னல் ஒளியில் ஷட்டர் வேகம் 1/8 நொடி போல வரும். கையால் அழுத்தினால் அதிரும், அதனால் 2 நொடி டைமர் போடுங்கள். காபியின் நுரை சீக்கிரம் அடங்கிவிடும். எனவே ஒரு வெற்று டம்ளரை வைத்து ஃபோகஸ், ஒளி எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, கடைசியில் காபியை ஆற்றி வையுங்கள். ஆவி தெரிய வேண்டுமானால் பின்னணி இருட்டாகவும், ஒளி பின்பக்கவாட்டிலிருந்து வருவதாகவும் இருக்க வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் எவ்வளவு சூடான காபியிலும் ஆவி தெரியாது.

ஆற்றும் படத்துக்கு வீட்டுக்குள் ஒளி போதாது. வாசல் நிழலுக்கு வந்துவிடுங்கள். எஃப் 5.6, 1/500, ஐஎஸ்ஓ 400 அளவில் காபித் தாரை உறைந்து நிற்கும். 1/30 வைத்தால் பட்டுபோல் ஓடும். இரண்டையும் எடுங்கள், வாங்குபவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆற்றுபவரின் முகம் வராமல் கை மட்டும் இருந்தால், ஆளின் ஒப்புதல் படிவம் பொதுவாகக் கேட்க மாட்டார்கள். பச்சை குத்திய கையைத் தவிர்த்துவிடுங்கள், அந்த ஓவியத்துக்கும் உரிமை உண்டு.

கைப்பேசியிலும் எடுக்கலாம். அப்போது டிஜிட்டல் ஜூமும் போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம். போர்ட்ரெய்ட் மோட் டபராவின் விளிம்பைத் தின்றுவிட்டு மங்கலாக்கும், படங்களைச் சரிபார்க்கும் தளப் பரிசோதகர் கண்ணுக்கு அது உடனே படும். இன்னொன்று: எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் கணினிக்கு அனுப்பாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். கேபிள் வழியாக மாற்றுங்கள். முடியாவிட்டால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

படி 4: நூறு சதவீதத்தில் பார்ப்பது

திரைக்குள் அடங்கிய படம் எப்போதும் அழகாகவே தெரியும். பரிசோதகர் அதை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்பார், நீங்களும் அப்படியே பாருங்கள். நுரையின் முன்விளிம்பு கூர்மையாக இருக்கிறதா? நிழல் பகுதியில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் இருக்கிறதா? பித்தளை விளிம்பில் ஊதா நிறக் கோடு ஓடுகிறதா? சுவரில் சென்சார் தூசியின் சாம்பல் புள்ளி? மேசையில் சிந்திய காபித்தூள்?

ஊதாக் கோட்டையும் தூசியையும் திருத்தலாம். ஃபோகஸ் தவறிய படத்தைத் திருத்த முடியாது, கூர்மையைச் செயற்கையாக ஏற்றினால் இன்னும் மோசமாகும். அழித்துவிட்டு மறுபடி எடுங்கள்.

எஸ்ஆர்ஜிபி என்ற, இணையத்தில் வழக்கமான நிறவெளியில், உச்சத் தரத்தில் ஜேபெக் கோப்பாகச் சேமியுங்கள். அடோபி, ஷட்டர்ஸ்டாக் இரண்டுக்கும் குறைந்தது 4 மெகாபிக்சல் வேண்டும். அலாமி என்ற மற்றொரு தளத்துக்குச் சுமார் 6. சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கி அனுப்பக் கூடாது.

படி 5: தலைப்பும் குறிச்சொற்களும்

புதியவர்கள் பத்து நிமிடத்தில் முடிக்கும் இந்த வேலைக்குப் படம் எடுத்த அளவு நேரம் கொடுக்க வேண்டும். வாங்குபவர் உங்கள் படத்தைப் பார்ப்பதற்கு முன் சொல்லைத்தான் தட்டச்சு செய்கிறார். சொல் பொருந்தாவிட்டால் படம் அவர் கண்ணிலேயே படாது.

தலைப்பை ஆங்கிலத்தில், 200 எழுத்துக்குள், பார்ப்பதை அப்படியே சொல்லும் ஒரு வாக்கியமாக எழுதுங்கள்: பித்தளை டபரா டம்ளரில் நுரை ததும்பும் தென்னிந்திய ஃபில்டர் காபி, மர மேசை மேல், மேலிருந்து எடுத்தது. ‘அழகான காலைப் பொழுது’ என்று யாரும் காபிப் படம் தேட மாட்டார்கள்.

குறிச்சொற்கள் அடோபியில் 49 வரை, ஷட்டர்ஸ்டாக்கில் 7 முதல் 50 வரை. அடோபியில் வரிசைக்கு மதிப்பு உண்டு, முதல் 10 சொற்களே தேடலில் கூடுதலாக எடுபடும். அந்தப் பத்தில் ஃபில்டர் காபி, சவுத் இந்தியன், பிராஸ், டபரா, டிரெடிஷனல், பிவரேஜ், ஃபிராத் போன்றவை வரட்டும். தமிழ்நாடு, கும்பகோணம் டிகிரி காபி, பிரேக்ஃபாஸ்ட், காப்பி ஸ்பேஸ் (எழுத்துப் பொறிக்க விட்ட வெற்றிடம்) எல்லாம் பின்னால் வரலாம். இருபத்தைந்து முப்பது சரியான சொல் கிடைத்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். எண்ணிக்கையை நிரப்ப டீ, யோகா, டிராவல் என்று சேர்த்தால், தேடி வந்தவர் சொடுக்காமல் போவார், தளமும் பொருந்தாத சொல் என்று மறுக்கும்.

டிஜிகாம் போன்ற இலவச மென்பொருளில் இவற்றைப் படக் கோப்புக்குள்ளேயே ஒருமுறை பதித்துவிட்டால், எந்தத் தளத்தில் ஏற்றினாலும் தானாக வந்துவிடும்.

படி 6: ஏற்றுவது, மறுத்தால் திருத்துவது

ஒரே தளத்தில் மட்டும் விற்பதாக ஒப்பந்தம் போடாதவரை ஒரே படத்தை எல்லாத் தளத்திலும் விற்கலாம். அடோபி, ஷட்டர்ஸ்டாக் இரண்டிலும் தொடங்குங்கள். அலாமியில் விற்பனை அரிது, நடந்தால் ஒரு படத்துக்கு வரும் தொகை மற்ற இரண்டைவிடப் பெரும்பாலும் அதிகம்.

மறுப்பு வந்தால் காரணத்தைப் படியுங்கள். ஃபோகஸ் என்றால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். வணிகச் சின்னம் என்றால் எங்கோ ஓர் எழுத்து தெரிகிறது, தேடி நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். தலைப்பில் கம்பெனிப் பெயர் இருந்தாலும் இதே மறுப்பு வரும். எதையும் மாற்றாமல் திரும்பத் திரும்ப ஏற்றுவது கணக்குக்கே ஆபத்து.

ஆட்களும் தெருவும் வரும்போது

காபிக் கடையில் முகம் தெரிய ஒருவரை எடுத்தால் இரண்டு வழிகள். அவரிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் வணிகப் படமாக விற்கலாம். சாட்சிக் கையெழுத்தும் வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். படத்தை எதற்கெல்லாம் பயன்படுத்துவார்கள் என்பதை அவருக்குத் தமிழில் விளக்கிச் சொல்வது உங்கள் கடமை. ஏதோ ஒரு மருந்து விளம்பரத்தில் தன் முகத்தைப் பார்த்து அவர் திகைக்கக் கூடாது.

கையெழுத்து இல்லையென்றால் செய்திப் பயன்பாட்டுக்கான எடிட்டோரியல் படமாக மட்டும் போடலாம். ஷட்டர்ஸ்டாக்கில் விவரணை இந்த வடிவில் இருக்க வேண்டும்: சென்னை, இந்தியா - ஜனவரி 13, 2025: பொங்கலுக்கு முந்தைய நாள் கோயம்பேடு சந்தையில் விற்பனைக்கு நிற்கும் கரும்புக் கட்டுகள். இத்தகைய படத்தில் எதையும் அழிக்கவோ சேர்க்கவோ கூடாது. இடமும் நாளும் உண்மையாக இருக்க வேண்டிய இந்த வகையில்தான், கணினி வரையும் படங்கள் நம் இடத்தைப் பிடிக்க முடியாது. இந்தப் பொங்கலுக்கு எடுத்ததை அடுத்த பொங்கலுக்கு விற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகைகளும் விளம்பர நிறுவனங்களும் பண்டிகைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தேடத் தொடங்கிவிடும்.

கோயில்களில் கவனம் தேவை. தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்ய 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் போன்ற தொல்லியல் துறை இடங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும்.

படி 7: பணமும் வரியும்

கணக்குத் தொடங்கும்போதே தளத்தில் உள்ள பெயர், பான் அட்டை, வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். முதலெழுத்தை ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் போட்டிருந்தால் பணம் எடுக்கும் நாளில் சிக்கும். தளங்கள் பணம் அனுப்பும் சேவைகளில் ஒன்றான பேபாலின் இந்தியக் கணக்கில் பணத்தைத் தேக்கி வைக்க முடியாது, வந்ததும் தானாக வங்கிக்குப் போகும். நாணய மாற்றில் ஒரு பகுதி கழிவதால் சிறு சிறு தொகையாக எடுக்காமல் சேர்த்து எடுங்கள்.

அடோபி, ஷட்டர்ஸ்டாக் இரண்டும் அமெரிக்க நிறுவனங்களுடையவை என்பதால், அமெரிக்கர் அல்லாதவர் தரும் வரிப் படிவமான டபிள்யூ-8பென்னை நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால், அமெரிக்காவில் நடந்த விற்பனையில் உங்கள் பங்கிலிருந்து 30 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். இந்தியாவில் வசிப்பவர் பான் எண்ணைக் கொடுத்து இருநாட்டு வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால் அது 15 சதவீதமாகக் குறையும். மற்ற நாட்டு விற்பனைகளில் இந்தப் பிடித்தம் இல்லை. இங்கே வருமான வரிக் கணக்கிலும் இந்த வருவாயைக் காட்ட வேண்டும். அங்கே பிடித்த வரிக்கு இங்கே கழிவு கோர இடமுண்டு, அதற்காகத் தளம் தரும் ஆண்டறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். டபிள்யூ-8பென் படிவம், கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் வரும் மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரைதான் செல்லும். அந்தத் தேதியைக் கைப்பேசியில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள்.