பிரான்ஸ் கிராமங்களில் சைக்கிள்: சாலை எண்ணை விட நிறத்தைப் பாருங்கள்

பிரெஞ்சு கிராமப்புறத்தில் அமைதியான சாலை வேண்டுமென்றால், மிஷ்லின் நிறுவனத்தின் சாலை வரைபடத்தில் வெள்ளையாக இருக்கும் சாலைகளைச் சேர்த்து வழியைப் போடுங்கள். சிவப்பை விட்டுவிடுங்கள், மஞ்சளைக் குறைவாகத் தொடுங்கள். வெள்ளைச் சாலையின் ஓரத்தில் பச்சைக் கோடும் ஓடினால் யோசிக்கவே வேண்டாம், கண்ணுக்கினிய வழி அது.

'டி' (D) என்று தொடங்கும் எண்ணைப் பார்த்து மாவட்டச் சாலைதானே என்று நம்பிவிடாதீர்கள். 2006 வாக்கில் பல தேசிய நெடுஞ்சாலைகள் மாவட்டங்களின் கைக்குப் போய், 'டி' எண் பெற்றன. லோத் மாவட்டத்தின் டி820 பழைய என்20 (N20) தேசிய நெடுஞ்சாலைதான். லாரிகள் ஓடும் சாலை. எண் மாறினாலும் போக்குவரத்து மாறவில்லை, வரைபடத்தின் நிறம் அதைக் காட்டிவிடும்.

வரைபடத்தில் சாலைமேல் இருக்கும் சின்ன அம்புக்குறிகளையும் கவனியுங்கள். ஒன்று என்றால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு என்றால் 13 வரை, மூன்று என்றால் அதற்கும் மேல். அம்பு காட்டும் திசைதான் மேடு. சுமையோடு போகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஆல்ப்ஸ் கணவாய்களில் நிறம் பார்க்கும் இந்த உத்தி உதவாது. அங்கே பல இடங்களில் மேலே போக ஒரே சாலைதான். கோடையில் கார்களும் பைக்குகளும் அதிலேயே வரும். பெரிய நகரங்களை ஒட்டிய வெள்ளைச் சாலைகளிலும் காலை அலுவலக நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.