யூனிட்டை எண்ணி மணியைக் கோட்டை விடுவது: நகராட்சி மின்துறைத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊருக்கு மின்சாரம் வழங்கும் வேலையை நகராட்சியே செய்யும் இடங்கள் உலகில் நிறைய உண்டு. அமெரிக்காவில் மட்டும் சுமார் 2,000 பொது மின் அமைப்புகள் இருக்கின்றன. பெரும்பாலானவை சின்ன ஊர்களுடையவை. பெரிய மின் நிறுவனத்தில் திட்டமிடலுக்கென்று ஒரு மாடியே இருக்கும். இங்கே இரண்டு பொறியாளர்களும் ஒரு கணக்கரும் உட்கார்ந்து அடுத்த இருபது ஆண்டுக்கான திட்டத்தைப் போட்டுவிடுகிறார்கள். சோலார், பேட்டரி, மின்வாகனம், டேட்டா சென்டர் என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கிற காலத்தில், புதிதாக இந்த நாற்காலிக்கு வருபவர்கள் பழைய ஆட்கள் விழுந்த குழியிலேயே வரிசையாக விழுகிறார்கள்.

கூட்டல் பிழை, டெண்டர் தேதி தவறுவது, பராமரிப்பைத் தள்ளிப்போடுவது இதெல்லாம் இங்கே வராது. அவற்றைத் தணிக்கையிலேயே பிடித்துவிடுவார்கள். திட்ட அறிக்கையில் அழகாக இருந்து, மன்றத்தில் ஒருமனதாக நிறைவேறி, ஐந்தாம் வருடம் கழுத்தைப் பிடிக்கும் தவறுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வருட யூனிட்டை வைத்துத் திட்டம் போடுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வரும் தவறு இதுதான். இத்தனைக்கும் இதைப் பிடிக்க ஒரு எக்ஸெல் தாள் போதும். எரிச்சல் அதனால்தான்.

உச்சத் தேவை 50 மெகாவாட் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். லோடு ஃபேக்டர், அதாவது உச்சத்தோடு ஒப்பிட்டால் சராசரி லோடு, 55 சதவீதம். சராசரி லோடு 27.5 மெகாவாட், ஆண்டுக்கு ஏறத்தாழ 24 கோடி யூனிட். 'முழுக்கச் சூரிய மின்சாரத்துக்கு மாறுவோம்' என்று மன்றம் தீர்மானம் போடுகிறது. திட்டப் பிரிவில் கணக்கு ஓடுகிறது: சோலார் நிலையம் ஆண்டு முழுக்கச் சராசரியாகத் தன் திறனில் 20 சதவீதம் தரும்; 27.5-ஐ 0.20-ஆல் வகுத்தால் 137.5 மெகாவாட். 24 கோடி யூனிட் தேவை, 24 கோடி யூனிட் உற்பத்தி. இரண்டு பக்கமும் சமம். ஒப்பந்தம் தயார்.

இப்போது அதே திட்டத்தை மணி வாரியாகப் பாருங்கள். வெயில் அடித்தும் சூடு இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் 12 மணிக்கு ஊரின் லோடு 22 மெகாவாட். நிலையம் 110 தருகிறது. மிச்சம் 88 மெகாவாட்டை வெளியே அனுப்ப வேண்டும். துணைமின் நிலையத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்களின் மொத்தத் திறன் 60 எம்விஏ (ஏறத்தாழ 60 மெகாவாட்) என்றால், நிலையம் ஊரின் லைனோடு இணைந்திருக்கும்பட்சத்தில் அந்த 88 முழுவதும் வெளியே போக வழியில்லை. உற்பத்தியைக் குறைக்கச் சொல்ல வேண்டும், ஆனால் ஒப்பந்தப்படி அதற்கும் பணம் கட்ட வேண்டியிருக்கலாம். நிலையம் வேறெங்கோ இருந்து மின்சாரம் நேராகச் சந்தைக்குப் போனாலும் நிம்மதி இல்லை. அந்த வட்டாரத்தின் சோலார் நிலையங்கள் எல்லாம் அதே நேரத்தில்தான் விற்கின்றன. விலை தரைதட்டும், சில மணிகளில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். பிறகு இரவு ஏழரை. நிலையத்திலிருந்து ஒரு கிலோவாட்டும் இல்லை, ஊரின் லோடு 48 மெகாவாட். அன்றைய மிக உயர்ந்த விலையில் அது முழுவதையும் வாங்க வேண்டும். வருடக் கணக்கில் சரிக்குச் சரியாக இருந்த ஊர், பணத்தில் இரு முனையிலும் அடி வாங்குகிறது.

ஆண்டு மழையளவைக் கேட்டுக்கொண்டு வடிகால் கட்டுவதைப் போன்றது இது. வடிகாலுக்குத் தெரிய வேண்டியது ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கொட்டும் என்பது.

பேட்டரி வைத்தால் தீர்ந்துவிடாதா? கணக்குப் போட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். மாலை 6 முதல் நள்ளிரவு வரை சராசரி 42 மெகாவாட் என்றால் 252 மெகாவாட்-மணி தேவை. ஏற்றி இறக்குவதில் 15 சதவீதம் இழப்பு என்று வைத்தால் கிட்டத்தட்ட 300 மெகாவாட்-மணி ஏற்ற வேண்டும். இது ஒரு மாலைக்கு மட்டும். நள்ளிரவுக்குப் பிறகு விடியும் வரை உள்ள லோடு இதில் சேரவில்லை, மூன்று நாள் மேகமூட்டமும் சேரவில்லை.

செய்ய வேண்டியது கடினமில்லை. மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 8,760 என்று மணிவாரி லோடு அளவுகளை எடுங்கள். 15 நிமிட அளவு கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் ஓர் ஆண்டாவது வானிலை கடுமையாக இருந்த ஆண்டாக இருக்கட்டும். துணைமின் நிலைய மீட்டர் காட்டுவது நிகர லோடுதான். கூரை சோலார் தின்றுவிட்ட பங்கு அதில் தெரியாது. அதை மதிப்பிட்டுத் திரும்பக் கூட்டி, மொத்தத் தேவை ஒரு நெடுவரிசை, நிகரத் தேவை ஒரு நெடுவரிசை என்று வையுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்து வளர்ச்சி விகிதம் எடுத்தால் 'ஊரில் தேவை குறைகிறது' என்ற பொய்யான முடிவு வரும். குறைவது பகல் மட்டும்.

பிறகு நிகர லோடை இறங்குவரிசையில் அடுக்குங்கள். உச்சத்தில் 90 சதவீதத்தைத் தாண்டும் மணிகள் எத்தனை, அவை எந்த மாதத்தில், எந்த நேரத்தில் வருகின்றன என்று பாருங்கள். வீடுகள் மிகுந்த ஊர்களில் இந்த எண்ணிக்கை பெரும்பாலும் சில நூறைத் தாண்டாது. வாங்க நினைக்கும் ஒவ்வொன்றையும், அது காற்றாலையோ, பேட்டரியோ, ஏசியைச் சற்று நிறுத்திவைக்கும் திட்டமோ, அந்தச் சில நூறு மணிகளில் எவ்வளவு தரும் என்று மட்டும் கேளுங்கள். பெயர்ப்பலகையில் உள்ள மெகாவாட்டை அங்கே கொண்டுவராதீர்கள்.

இதைச் செய்தவர்களும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. உச்சம் நகரும். மாலை 4 மணிக்கு உச்சம் உள்ள ஊரில் முதல் 10 மெகாவாட் சோலார் அந்த உச்சத்தை நன்றாகவே குறைக்கும். குறைத்ததும் நிகர உச்சம் ஏழரைக்குத் தள்ளிப்போகும். அடுத்த 10 மெகாவாட் யூனிட்டை மிச்சப்படுத்தும், உச்சத்தைத் தொடவே தொடாது. கலிஃபோர்னியா மின்கட்டமைப்பு நிர்வாகம் 2013-இல் வெளியிட்ட வாத்து வடிவ வரைபடம் காட்டியது இந்த நகர்வைத்தான். பேட்டரியிலும் இதே கதை. 10 மெகாவாட், 40 மெகாவாட்-மணி பேட்டரி 2 மணி நேரம் நீடிக்கும் கூர்மையான உச்சத்தில் 10 மெகாவாட்டையும் வெட்டும். அந்த உச்சம் 6 மணி நேரத்துக்குத் தட்டையாகிவிட்டால் அதே பேட்டரி 7 மெகாவாட்டைக்கூட வெட்டாது.

இன்னொன்று, யாருடைய உச்சம் என்பது. மொத்த விற்பனையாளரோ வட்டார கட்டமைப்போ விதிக்கும் கொள்திறன் கட்டணம் (உச்ச நேரத்துக்கான திறனைத் தயாராக வைத்திருப்பதற்கான கட்டணம்) பல இடங்களில் உங்கள் ஊரின் உச்ச மணியை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. வட்டாரம் முழுவதும் உச்சத்தில் இருந்த மணியில் உங்கள் லோடு என்ன என்பதே கணக்கு. ஊரின் உச்சம் இரவு 8, வட்டாரத்தின் உச்சம் மாலை 6 என்றால், 8 மணிக்குப் பேட்டரியைக் காலி செய்து பில்லில் ஒரு காசும் குறையாது. ஒப்பந்தத்தின் கட்டணப் பின்னிணைப்பைப் படிக்காமல் பேட்டரிக்கு டெண்டர் விடுவது இந்தத் துறையில் சர்வசாதாரணம்.

பழைய வளர்ச்சிக் கோட்டை அப்படியே நீட்டி, அதன் மேல் கையெழுத்துப் போடுவது

1970-களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பொது மின் அமைப்புகள் கூட்டாக ஐந்து அணுமின் நிலையங்கள் கட்டப் புறப்பட்டன. வாஷிங்டன் பப்ளிக் பவர் சப்ளை சிஸ்டம் என்பது அந்தக் கூட்டமைப்பின் பெயர். தேவை ஆண்டுக்குச் சுமார் 7 சதவீதம் ஏறும், அதாவது பத்தாண்டில் இரட்டிப்பாகும் என்பது நம்பிக்கை; அதுவரை அப்படித்தான் ஏறியிருந்தது. விலை ஏறியதும் மக்கள் சிக்கனமானார்கள், தேவை படுத்தது. கட்டுமானச் செலவோ மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டியது. 1982-இல் 4, 5-ஆம் நிலையங்கள் கைவிடப்பட்டன. மின்சாரம் வந்தாலும் வராவிட்டாலும் பணம் கட்டுவோம் என்று 88 அமைப்புகள் கையெழுத்திட்டிருந்தன. அப்படிக் கையெழுத்திட அவற்றுக்கு அதிகாரமே இல்லை என்று 1983-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. 2.25 பில்லியன் டாலர் கடன்பத்திரங்கள் திவாலாயின. அதுவரை நடந்த நகராட்சிக் கடன் திவால்களில் அதுவே பெரியது. ஐந்தில் ஒன்றுதான் ஓடியது.

இன்று அதே கோட்டை டேட்டா சென்டர் பெயரில் நீட்டுகிறார்கள். 20 மெகாவாட் லோடு வரப்போகிறது என்று ஒரு கடிதம் வந்ததும் துணைமின் நிலையத்துக்கு மதிப்பீடு போடாதீர்கள். அந்த நிறுவனம் இதே கடிதத்தை இன்னும் நான்கு ஊர்களுக்கு அனுப்பியிருக்கும். முன்வைப்புத் தொகை, குறைந்தபட்ச பில் உறுதி, இடையில் விலகினால் மீதிச் செலவை ஏற்கும் ஷரத்து, இந்த மூன்றும் கையில் வந்த பிறகு டெண்டர் விட்டால் போதும்.

வாங்கும் ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை, ஒரே ஒப்பந்தம் தேவையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். காலாவதித் தேதிகள் மூன்று, நான்கு ஆண்டு இடைவெளியில் படிப்படியாக வரட்டும். எல்லாம் ஒரே ஆண்டில் முடிந்தால், அந்த ஆண்டின் சந்தை விலை எதுவோ அதுதான் ஊரின் தலையெழுத்து.

சலுகைக் கட்டணத்தை எல்லோருக்கும் ஒரே நிமிடத்தில் தொடங்குவது

இரவு 11 மணி முதல் மலிவு என்று அறிவித்தால், மின்சாரக் கார்கள் எல்லாவற்றிலும் சார்ஜ் டைமர் 11:00 என்றே இருக்கும். பத்து வீடுகளுக்கு ஒரு 50 கேவிஏ (ஏறத்தாழ 50 கிலோவாட்) டிரான்ஸ்ஃபார்மர். மாலையில் அதன் லோடு 35. இரவு 11-க்கு 20. ஆறு வீடுகளில் 7.2 கிலோவாட் சார்ஜர் ஒன்றாக ஓடினால் 43 சேர்ந்து 63 கேவிஏ. பத்து வீட்டிலும் கார் வந்துவிட்டால் 92. சலுகையே இல்லாமல் அவரவர் வந்த நேரத்துக்குச் செருகியிருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று கார்தான் ஓடியிருக்கும். அதைவிட மோசம், முன்பு டிரான்ஸ்ஃபார்மர் ஆறிக்கொண்டிருந்த நேரம் இதுதான்.

ஒரு கார் ஒரு நாளில் 50 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 9 யூனிட். ஒன்றேகால் மணி நேர வேலை. விடிவதற்கு இன்னும் ஏழு மணி நேரம் இருக்கிறது. இரண்டிரண்டாக ஓடவிட்டால் ஆறு கார்களும் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சார்ஜரைக் கட்டுப்படுத்தும் வசதி இல்லையென்றால், குறைந்தபட்சம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தொடக்க நேரத்தை 10 மணி முதல் 2 மணிக்குள் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மரைத் தேவைப்படும்போது ஆர்டர் செய்வது

பெரிய பவர் டிரான்ஸ்ஃபார்மர் கைக்கு வர இரண்டு, மூன்று ஆண்டு ஆகிறது. அவ்வளவுதான்.

எதிர்த்திசையில் மின்சாரம் ஓடும் என்பதை மறப்பது

பீடரில் (துணைமின் நிலையத்திலிருந்து வீடுகளை நோக்கிப் போகும் லைனில்) நடுவழியில் இருக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டர் 32 படிகளில், படிக்கு 5/8 சதவீதமாக, மொத்தம் கூட்டியும் குறைத்தும் 10 சதவீதம் வரை போகும். அதற்கு அப்பால் சோலார் பெருகி மின்சாரம் துணைமின் நிலையம் நோக்கி ஓடத் தொடங்கினால், இருதிசை அமைப்பில் உள்ள ரெகுலேட்டர் 'மூலம் அந்தப் பக்கம் மாறிவிட்டது' என்று நினைத்து துணைமின் நிலையப் பக்க வோல்டேஜைச் சரிசெய்யப் பார்க்கும். நிலையப் பக்கம் அசையாது. ரெகுலேட்டர் படி படியாக ஏறி, இல்லை இறங்கி, எல்லையில் போய் நிற்கும். வோல்டேஜ் கெடுவது வீடுகள் இருக்கும் பக்கத்தில். புகார் 'சோலார் வந்ததிலிருந்து பல்பு போகிறது' என்று வரும். கண்ட்ரோலரில் கோஜெனரேஷன் அமைப்புக்கு (மின்சாரம் எந்தத் திசையில் ஓடினாலும் வீட்டுப் பக்க வோல்டேஜையே சரிசெய்யும் அமைப்புக்கு) மாற்றினால் பெரும்பாலும் தீரும். ஐந்து நிமிட வேலை, எவருடைய பட்டியலிலும் இல்லாத வேலை.

சோலார் இன்வெர்ட்டர் (பேனலின் மின்சாரத்தை லைனுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) செட்டிங்கும் இப்படித்தான். ஜெர்மனியில் அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸ் தொட்டதும் அணைய வேண்டும் என்று பழைய விதி. ஆயிரக்கணக்கில் இருந்தபோது சரி. லட்சக்கணக்கில் பெருகியதும், எல்லாம் ஒரே நொடியில் அணைந்தால் கட்டமைப்பே சாயும் என்று புரிந்தது. 2012-இல் ஆணை போட்டு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்களில் அதைத் திருத்த வேண்டிவந்தது. இணைப்பு அனுமதிப் படிவத்திலேயே செட்டிங்கை எழுதி வாங்குவது இலவசம்.

கம்பத்துக்கும் கம்பிக்கும் ஆகும் செலவை முழுக்க யூனிட் விலையில் ஏற்றுவது

விற்பனை குறைந்தால் கம்பத்தின் செலவு குறையாது. யூனிட் விலையை ஏற்றுவீர்கள். ஏற்றினால் இன்னும் நான்கு பேர் சோலார் வைப்பார்கள். இதைத் திருத்துகிறேன் என்று நிலைக்கட்டணத்தை (எத்தனை யூனிட் ஓடினாலும் மாறாத கட்டணத்தை) ஒரே ராத்திரியில் இரட்டிப்பாக்குவது அடுத்த தவறு. குறைவாகச் செலவழிக்கும் வீடுகள்தான் அதில் முதலில் அடிபடும். மூன்று, நான்கு ஆண்டில் படிப்படியாக, நேரவாரிக் கட்டணத்தோடு சேர்த்து நகர்த்துங்கள்.

ஸ்மார்ட் மீட்டரை வாங்கிவிட்டு பில் போட மட்டும் வைத்துக்கொள்வது

எந்த வீடு எந்த டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது என்ற பதிவேடு பல ஊர்களில் தப்பாகவே இருக்கும். புயல் இரவில் அவசரத்துக்கு மாற்றிக் கட்டியதை யாரும் எழுதிவைத்திருக்க மாட்டார்கள். அந்தப் பதிவேட்டை நம்பி மேலே சொன்ன 63 கேவிஏ கணக்கைப் போட முடியாது. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள வீடுகளின் வோல்டேஜ் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். 15 நிமிட வோல்டேஜ் பதிவை ஒரு மாதத்துக்கு எடுத்து, எந்த மீட்டர் தன் கூட்டத்தோடு சேராமல் ஆடுகிறது என்று பாருங்கள். அந்த வீட்டு முகவரியை லைன்மேனிடம் கொடுத்து, சர்வீஸ் கம்பி எந்தக் கம்பத்திலிருந்து வருகிறது என்று நேரில் பார்த்துவரச் சொல்லுங்கள்.