முன்பாரம், பின்பாரம், மேல்பாரம்: காரில் சுமை ஏற்றிச் செல்லும் முறை

காங்கேயம் மாடு பூட்டிய வண்டியில் பாரம் ஏற்றிப் பழகிய பெரியவர்கள், எத்தனை மூட்டை ஏற்றுகிறோம் என்பதைவிட எந்த மூட்டையை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் கண்ணாக இருப்பார்கள். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும்; பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். காரின் கூரையில் சீர் பீரோவை ஏற்றுகிறவருக்கும், காருக்குப் பின்னால் சிறிய டிரெய்லரை மாட்டித் தோட்டத்துக்கு மோட்டார் கொண்டுபோகிறவருக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். எடை எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, பிரேக் போடும்போது அது எந்தப் பக்கம் போகப் பார்க்கும் என்று கேட்பவர்கள் குறைவு.

முதலில் கூரையைப் பார்ப்போம். காருடன் வந்த கையேட்டில் கூரை தாங்கும் எடை கிலோவில் குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான கார்களுக்கு அது 50 முதல் 100 கிலோவுக்குள் இருக்கும். கூரையில் எதையுமே ஏற்றக் கூடாது என்று எழுதப்பட்ட மாடல்களும் உண்டு. அந்த எடைக்குள் கேரியரின் எடையும் சேர்த்தி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 75 கிலோ தாங்கும் கூரையில் 15 கிலோ எடையுள்ள இரும்புக் கேரியரை மாட்டினால், பொருளுக்கு மிஞ்சுவது 60 கிலோதான். நின்றிருக்கும் காரின் கூரை இதைவிடப் பல மடங்கு தாங்கும் என்பதால், ஆள் ஏறி நின்றும் ஒன்றும் ஆகவில்லையே என்று யாராவது சொன்னால் அதை நம்பி ஏற்ற வேண்டாம். குழியில் இறங்கி ஏறும்போதும் சடாரென்று பிரேக் போடும்போதும் கூரைக்கு வரும் விசை வேறு.

அடுத்து, வண்டியின் மொத்த எடைக் கணக்கைப் போட வேண்டும். வெறும் வண்டியின் எடை 960 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,410 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஆட்களுக்கும் பொருளுக்கும் சேர்த்து 450 கிலோ இருக்கிறது. ஆளுக்கு 65 கிலோ என ஐந்து பேர் ஏறினால் 325 கிலோ போய்விடும். மீதி 125 கிலோவில் கூரையில் 75 கிலோ போனால், டிக்கிக்கு 50 கிலோதான் மிச்சம். வாங்கிய பிறகு எரிவாயு சிலிண்டர் பொருத்திய வண்டியானால் அந்தச் சிலிண்டரின் எடையையும் இதில் கழிக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகிற வண்டியில் இந்தக் கணக்கு ஒருநாளும் சரியாக வருவதில்லை. ஆட்களைப் பேருந்தில் அனுப்பிவிட்டுப் பொருளைக் காரில் ஏற்றுவதே அங்கே நல்ல யோசனை.

அம்பாசடர் காலத்தில் கூரையின் இருபுறமும் மழைநீர் வழியும் விளிம்பு இருந்தது. கேரியரின் கால்களை அதில் கவ்வவிட்டுப் பழனிக்கும் சபரிமலைக்கும் போய்வந்தார்கள். இப்போதைய கார்களில் அந்த விளிம்பு கிடையாது. அதற்குப் பதிலாகக் கூரையில் நீளவாக்கில் தெரியும் கம்பிகள், சில மாடல்களில் அழகுக்காக மட்டுமே பொருத்தப்பட்டவை. அவை பாரம் தாங்குபவையா என்பதைக் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்த பிறகே குறுக்குக் கம்பிகளை மாட்ட வேண்டும். இரண்டு குறுக்குக் கம்பிகளுக்கும் இடையே இரண்டு, இரண்டரை அடி இடைவெளியாவது இருப்பது நல்லது. பாரத்தின் கனமான பகுதி அந்த இரண்டுக்கும் நடுவில், முடிந்தவரை தாழ்வாக அமர வேண்டும். பீரோவை நிறுத்தி வைத்து ஏற்றுவது என்பது எந்த நிலையிலும் ஏற்க முடியாதது. படுக்க வைத்து, கதவுப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, கதவைப் பூட்டுவதோடு விடாமல் பட்டையாலும் சுற்றிக் கட்ட வேண்டும்.

கட்டுவது எப்படி

லாரித் தொழிலுக்குப் பேர்போன சங்ககிரிப் பக்கம் லோடு கட்டுகிற பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னது இது: "கயிறு பாரத்தப் புடிச்சு இழுக்கறதுக்கு இல்லீங்க, கீழ அமுக்கறதுக்குங்க." இதை எண்களில் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதன் அருமை புரியும். பிரேக் போடும்போது பாரம் முன்னோக்கித் தள்ளும் விசையை அதன் எடையில் 80 சதவீதம் என்றும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 சதவீதம் என்றும் வைத்துக் கட்ட வேண்டும் என்பது ஐரோப்பியச் சரக்கு வண்டிகளுக்கான கணக்கு. 60 கிலோ பாரம் என்றால் முன்னோக்கி 48 கிலோ விசையைத் தடுத்தாக வேண்டும். மரப்பெட்டியை வெறும் இரும்புக் கம்பியின் மேல் வைத்தால், உராய்வு அதில் ஏறத்தாழ 18 கிலோவைத்தான் தாங்கும். மிச்சத்தைத் தடுக்கக் கயிறு 100 கிலோ விசையோடு பாரத்தைக் கீழே அமுக்க வேண்டும். அதே பெட்டிக்கும் கம்பிக்கும் நடுவில் ரப்பர் விரிப்பு ஒன்றை வைத்துவிட்டால், உராய்வு இரட்டிப்பாகி, 20 கிலோ அமுக்கமே போதுமானதாகிவிடும். பழைய டயர் டியூபை வெட்டிப் போட்டாலும் அந்த வேலையைச் செய்யும். செலவில்லாத இந்த ஒன்றைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள்.

கட்டுவதற்கு ராட்செட் (நெம்பி இறுக்கும் பூட்டு) வைத்த நாடாப் பட்டைகளே ஏற்றவை. எவ்வளவு தாங்கும் என்பது அவற்றின் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். நைலான் கயிறு இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும்; வெயிலில் வெளுத்துப்போன பிளாஸ்டிக் கயிறு பார்வைக்குத்தான் கயிறு. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றைத் தார்ப்பாய் பறக்காமல் இருக்க மேலே போடலாமே தவிர, பாரத்தைத் தாங்க நம்பக் கூடாது. குறுக்கே இரண்டு பட்டைகள் அமுக்குவதற்கு, பாரத்தின் முன்புறத்திலிருந்து பின்னோக்கிச் சாய்வாக இரண்டு பட்டைகள் முன்னே நகராமல் தடுப்பதற்கு என நான்கைக் குறைந்த அளவாகக் கொள்ளுங்கள். பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுக் கட்டினால், ஓட்டத்தில் அது படபடவென்று அடித்துக்கொள்ளாது. கூரான விளிம்பில் பட்டை படும் இடத்தில் மடித்த சாக்கையோ அட்டையையோ கொடுக்க வேண்டும். கதவு வழியாகக் கயிற்றை உள்ளே விட்டுக் கட்டும் வழக்கம் நம்மூரில் உண்டு. மழையில் தண்ணீர் கயிற்றோடு உள்ளே இறங்கும் என்பது அதில் சின்னக் குறை. கூரையோரத்தில் காற்றுப்பை பொருத்தப்பட்ட கார்களில், அது விரியும் வழியைக் கயிறு மறிக்கும் என்பது பெரிய குறை.

மெத்தை, பிளைவுட் பலகை, காலித் தொட்டி போன்றவை எடை குறைவு என்பதாலேயே ஏமாற்றுபவை. ஒரு சதுர மீட்டர் பரப்பு காற்றுக்கு நேராக நின்றால், 80 கிலோமீட்டர் வேகத்தில் அதன் மேல் ஏறத்தாழ 30 கிலோ விசை விழும். 100 கிலோமீட்டரில் அது 47 கிலோ ஆகிவிடும். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்றை இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். உடுமலையிலிருந்து பொள்ளாச்சி நோக்கி 80-ல் போகும் வண்டிக்கு எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், சுமைக்கு அது 110 கிலோமீட்டர் வேகம்; விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பல்லடத்திலிருந்து உடுமலைக்குப் போகும் சாலை வடக்குத் தெற்காக ஓடுவதால், அங்கே அதே காற்று பக்கவாட்டில் அறையும். சாலையோரக் காற்றாலைகள் வேகமாகச் சுற்றுகிற நாளில் மெத்தையைக் கூரையில் ஏற்றாமல் இருப்பதே நல்லது. ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முன்விளிம்பு தூக்காதபடி முன்னால் தனியாக ஒரு பட்டை போட்டு, 50-க்கு மேல் போகாமல் செல்லுங்கள்.

நீளமான பொருளில் சட்டமும் குறுக்கே வரும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1அ) பிரிவின்படி, அனுமதித்த அளவை மீறிப் பாரம் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். இறக்கும் செலவும் நம்முடையதே. நான்கு மீட்டர் நீளக் காரின் மேல் இருபது அடி பி.வி.சி. குழாயைக் கட்டிக்கொண்டு போவதற்குப் பதில், கடையிலேயே பத்து அடியாக அறுத்து வாங்கி, தோட்டத்தில் கப்ளிங் போட்டு ஒட்டிக்கொள்ளலாம். கப்ளிங்கின் விலை அந்த அபராதத்தின் பக்கத்தில்கூட வராது.

ஏற்றி முடித்ததும் தரையிலிருந்து பாரத்தின் உச்சி வரை அளந்து, அந்த உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டிவையுங்கள். ரயில்வே பாலத்தடியிலும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலும் நுழையும்போது அந்தச் சீட்டு மட்டுமே நினைவுபடுத்தும். டயரில் காற்றை, ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியுள்ள சீட்டில் முழுப் பாரத்துக்கெனக் குறித்த அளவுக்கு ஏற்ற வேண்டும். புறப்பட்ட பிறகு பாரம் சற்றே அமர்ந்து பட்டை தளரும் என்பதால், கோவையில் கட்டினால் சூலூர்ப் பக்கம் ஒரு முறை நிறுத்தி இறுக்குங்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை போதும். மேல்பாரம் ஏறிய வண்டி வளைவில் வழக்கத்தைவிட அதிகம் சாயும். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளிலும் வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போனபின் பிரேக்கை மிதிப்பதுதான் வண்டியை நிலைகுலைக்கிறது.

டிரெய்லர் இழுக்கும்போது

நம் பக்கத்தில் டிரெய்லர் என்றாலே டிராக்டர்தான் நினைவுக்கு வரும். கார் என்று வரும்போது, கையேட்டில் இழுவை அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இந்தியாவில் விற்கும் பல கார்களுக்கு அந்த அனுமதி இல்லை. பம்பரில் மூடியைத் திறந்து மாட்டும் கொக்கி, பழுதான வண்டியை மீட்பதற்கு மட்டுமே உரியது. பொலிரோ, ஸ்கார்பியோ போன்று தனிச் சட்டகத்தின் மேல் கூடு அமைந்த வண்டிகளில் இழுவைத் தண்டை அந்தச் சட்டகத்தில் போல்ட் போட்டுப் பிணைக்கலாம். பம்பரில் ஒரு தகட்டை வெல்டிங் வைத்துக் கொடுக்கும் பட்டறைக்காரரிடம் வண்டியை விடாதீர்கள். சட்டத்தின் பார்வையில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(28) பிரிவு அப்படித்தான் வரையறுக்கிறது. ஆகவே அதற்குத் தனிப் பதிவு எண் வேண்டும். காப்பீடு பற்றியும் ஏற்றும் முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மாட்டு வண்டிக் கணக்கு நேராக வந்து நிற்பது இங்கேதான். டிரெய்லரின் மூக்கு, அதாவது காரோடு பூட்டும் முன்நுனி, காரின் பின்னால் உள்ள இணைப்புக் குண்டின் மேல் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் அழுத்த வேண்டும்; 500 கிலோ டிரெய்லர் என்றால் 25 முதல் 50 கிலோ வரை. வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, சமதரையில், கார்க் குண்டின் உயரத்திலேயே மூக்கை அதன் மேல் இறக்கினால் அளவு தெரிந்துவிடும். பின்பாரம் கூடினால் மூக்கு மேலே தூக்கி, காரின் பின் சக்கரங்களின் பிடி தளர்ந்து, வேகம் ஏற ஏற டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். முன்பாரம் மிதமிஞ்சினால் காரின் பின்பகுதி அமர்ந்து, முன் சக்கரங்கள் இலேசாகி, ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. எனவே கனமான மோட்டாரையோ ஜெனரேட்டரையோ டிரெய்லரின் அச்சுக்குச் சற்று முன்னால், தளத்தோடு ஒட்டி வைத்துக் கட்டுங்கள். பாதி நிறைந்த பூச்சிமருந்துத் தொட்டியை மட்டும் இழுக்காதீர்கள்: உள்ளே தண்ணீர் அலைமோதி, அளந்து வைத்த கணக்கை ஒவ்வொரு பிரேக்கிலும் கலைத்துவிடும். ஒன்று நிரப்புங்கள், இல்லையேல் காலிசெய்யுங்கள்.

குண்டின் அளவும் அதைக் கவ்வும் கிண்ணத்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் குண்டு பரவலாகப் புழங்குவது. அதற்குச் சற்றுப் பெரிய கிண்ணத்தை மாட்டினால் வேகத்தடையில் அது துள்ளிக் கழன்றுவிடும். பூட்டியபின் மூக்கைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். காரின் பின்பகுதியும் சேர்ந்து எழும்ப வேண்டும். இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளையும் மூக்கின் அடியில் குறுக்காக மாட்டினால், பூட்டு விட்டாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும். பின்விளக்கு, பிரேக் விளக்கு, சிக்னல் ஆகியவை டிரெய்லரிலும் எரிகின்றனவா என்று மற்றொருவரைப் பின்னால் நிறுத்திப் பாருங்கள். டிரெய்லரில் ஆள் ஏறவே கூடாது, அடுத்த தோட்டத்துக்குத்தான் என்றாலும்.

ஓட்டத்தில் டிரெய்லர் வாலாட்டினால் பிரேக்கை அழுத்தத் தோன்றும். வேகமாகப் போய் இழுத்து நேராக்கவும் தோன்றும். இரண்டையும் செய்யாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். வேகம் தணிந்தால் ஆட்டமும் தணியும். நின்றபின் பாரத்தை முன்னால் நகர்த்தாமல் மறுபடி புறப்பட வேண்டாம். திருப்பத்தில் டிரெய்லரின் சக்கரங்கள் காரின் தடத்துக்கு உள்ளே வெட்டிக்கொண்டு வரும் என்பதால் சற்று அகலமாகத் திரும்ப வேண்டும். பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்து, டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். காலியான களத்தில் அரை நாள் பழகினால் கைவந்துவிடும். தனி பிரேக் இல்லாத டிரெய்லரை மலைச் சாலைக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே என் யோசனை. போக நேர்ந்தால், ஏறிய கியரிலேயே இறங்கி, இன்ஜினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். பிரேக் தீய்ந்த வாடை வந்தால் ஓரம்கட்டி ஆறவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. நிறுத்தும் இடங்களில் டிரெய்லரின் சக்கரக் குடத்தருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அதன் பேரிங்கைக் கவனிக்க வேண்டும்.

சேர்ந்த இடத்தில் டிரெய்லரைக் கழற்றுவதற்கு முன், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ கொடுத்து, மூக்குக்கு முட்டு வைத்த பிறகே பூட்டைத் திறக்க வேண்டும். கூரையிலிருந்து இறக்கும்போது, வழியில் பாரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கக்கூடும் என்பதால், பட்டையை விடுவிக்கிறவர் பாரம் சாய்ந்த பக்கம் நிற்காமல் எதிர்ப்பக்கம் நின்று விடுவிக்க வேண்டும். கடைசிப் பட்டை கழலும் வரை மற்றொருவர் பாரத்தின் மேலிருந்து கையை எடுக்கக் கூடாது.